எழுந்து நிற்பதற்கு முன்: கோவளம், மாமல்லபுரம் அலைச்சறுக்குப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயிற்சியாளர் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும், அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் உங்கள் நடுவே அலை ஏறிப் பழகியவன் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னை முகம் தெரியும். நேரில் பேசவேண்டியதைப் பொதுவில் எழுதக் காரணம் உண்டு. இது ஒரு பள்ளியோ ஒரு பயிற்சியாளரோ தனியாகச் சரிசெய்துவிடக்கூடிய விஷயம் இல்லை. ஒருவர் மட்டும் கண்டிப்பாக இருந்தால், வருகிறவர் பக்கத்துப் பள்ளியில் போர்டு, அதாவது சறுக்குப் பலகை, எடுத்துக்கொள்வார். எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தால்தான் நடக்கும்.

நான் கேட்பது இதுதான். போர்டில் எழுந்து நிற்கச் சொல்லிக்கொடுக்கும் முன், கடலுக்குள் எப்படிப் போவது என்று சொல்லிக்கொடுங்கள். அது தெரியாத யாருக்கும், உடைந்து நுரையாக வரும் அலையைத் தாண்டிப் போவதற்குப் போர்டு வாடகைக்குத் தராதீர்கள்.

முதல் நாள் வகுப்பு எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மணலில் போர்டு வடிவம் வரைந்து, அதன்மேல் படுக்கவைத்து, கையை ஊன்றி எழுந்து நிற்கப் பழக்குகிறீர்கள். அப்புறம் இடுப்பளவு தண்ணீரில் போர்டைப் பிடித்துக்கொண்டு, நுரை வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிட்டு 'எழுந்திரு, எழுந்திரு' என்று கத்துகிறீர்கள். ஐந்தாறு முறை விழுந்தபின் ஒருமுறை நிற்கிறார்கள். கரையில் இருக்கும் நண்பர் வீடியோ எடுக்கிறார். அந்த முகத்தில் வருகிற சந்தோஷம் எனக்கும் தெரியும். அதில் ஒரு குறையும் இல்லை. முதல் நாளுக்கு அது போதும். நுரை அலையில், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை அவருக்குப் பெரிய ஆபத்தும் இல்லை.

சிக்கல் அவர் அடுத்த மாதம் தனியாக வரும்போதுதான். 'நமக்குத்தான் வருமே' என்று ஒரு எட்டடி ஃபோம் போர்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார். தள்ளிவிட ஆள் இல்லாததால், அலை உடைகிற இடத்துக்குத் தானே போர்டில் படுத்துக் கையால் துழாவி, பேடில் பண்ணிப் போகப் பார்க்கிறார். அவருக்கு நிற்கத் தெரியும், போகத் தெரியாது. அந்த நூறு, நூற்றைம்பது மீட்டரில் என்னென்ன நடக்கும், யார் எந்தப் பக்கம் ஒதுங்கவேண்டும், நுரை முகத்தில் மோதும்போது போர்டை என்ன செய்யவேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

தெற்கு அலை நன்றாக வந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணெதிரே பார்த்ததைச் சொல்கிறேன். எந்தப் பள்ளி, யார் என்பதெல்லாம் வேண்டாம். வாடகைப் போர்டோடு ஒருவர் அலை உடைகிற இடத்துக்கு நேர் நடுவிலேயே பேடில் பண்ணிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குச் சரியாகப் பின்னால், போர்டு நீளம்கூட இடைவெளி விடாமல், ஒரு கல்லூரிப் பெண். குப்பத்துப் பையன் ஒருவன் அலை ஏறி இவர்களை நோக்கி வந்துவிட்டான். முன்னால் இருந்தவர் அவனைப் பார்த்ததும் பதறி, அலை இன்னும் உடையாத பக்கம் வேகமாகத் துழாவினார். பையன் போகவேண்டிய பாதையும் அதுவேதான். அவன் எப்படியோ போர்டைத் திருப்பி அலையின் முதுகுப்பக்கம் இறங்கிவிட்டான். ஆனால் உடைந்த அலை இவர்மேல் விழுந்தது. பயத்தில் போர்டைக் கைவிட்டார். அது பின்னால் பறந்துபோய் அந்தப் பெண்ணின் புருவத்தைக் கிழித்தது.

அவர் மோசமான ஆள் இல்லை. அந்தப் பெண்ணைத் தாங்கிக் கரைக்குக் கொண்டுவந்ததும், ஆட்டோ பிடித்ததும், மருத்துவமனையில் கூடவே உட்கார்ந்திருந்ததும் அவர்தான். 'போர்டை விடக்கூடாதுன்னு எனக்கு யாருமே சொல்லலைங்க' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதான். அதனால்தான் இந்த மடலை அவருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு கணக்கைப் பாருங்கள். எட்டடி போர்டுக்குப் பெரும்பாலும் எட்டடி லீஷ்தான் (காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு) கட்டுகிறோம். போர்டைக் கைவிட்ட ஆளைச் சுற்றிப் பதினாறு அடிக்கு அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பாயலாம். லீஷ் இழுபடும், காலும் நீளும். அதையும் சேர்த்தால் இருபது அடி. ஞாயிறு காலையில் நம் கடலில் இருபது அடி இடைவெளி எங்கே இருக்கிறது? லீஷ் கட்டியிருக்கிறோமே, போர்டு ஓடிப்போகாது என்று புதியவர்கள் தைரியமாகக் கையை விட்டுவிடுகிறார்கள். லீஷ் கட்டியிருப்பது போர்டு கரைவரை அடித்துக்கொண்டு போகாமல் இருப்பதற்கு. பக்கத்தில் இருப்பவரை அது காப்பாற்றாது.

கட்டியிருப்பவரையே அது அடித்த கதையும் உண்டு. கலிபோர்னியாவில் ஈர உடை செய்து பெயர் பெற்ற ஜாக் ஓ'நீல், 1971-இல் இடது கண்ணை இழந்தார். ரப்பர் கயிற்றில் கட்டிய போர்டு இழுபட்டுத் திரும்பிப் பாய்ந்து முகத்தில் அடித்ததுதான் காரணம். இன்றைய லீஷ் அந்த அளவுக்குச் சுண்டி இழுக்காது, ஆனாலும் இழுபடும். விழுந்தால் தட்டையாக விழவேண்டும், தலைகீழாகப் பாயக்கூடாது, மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையையும் முகத்தையும் மறைத்துக்கொண்டே வரவேண்டும் என்று நீங்கள் எல்லோருமே பழக்கத்தில் செய்கிறீர்கள். உங்கள் உடம்புக்குத் தெரிந்திருப்பதால் வாயால் சொல்ல மறந்துபோகிறது என்று நினைக்கிறேன்.

அதுபோல இன்னொன்று. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் புதியவரைக் கவனித்துப் பாருங்கள். போர்டைத் தன் வயிற்றுக்குக் குறுக்கே, அலைக்கும் தனக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நிற்பார். அலை வந்ததும் போர்டு முழு நீளத்துக்கும் அடிவாங்கி அவர் விலாவிலோ பல்லிலோ இடிக்கும். போர்டை உடம்புக்குப் பக்கவாட்டில் வைத்து, அதன் முன்முனையான மூக்கை அலைக்கு நேராகத் திருப்பிப் பிடிக்கவேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் மணலிலேயே சொல்லிவிடவேண்டும். தண்ணீரில் இறங்கியபின் சொன்னால் காதில் விழாது.

சரி, உள்ளே போகும் வழிக்கு வருவோம்.

நம் பாயிண்ட்டுகளில், அதாவது பாறையை ஒட்டி அலை உடைகிற இடங்களில், தென்மேற்குப் பருவமழைக் காலத்து அலை தெற்கே பாறைப் பக்கம் உடையத் தொடங்கி வடக்கே ஓடுகிறது. கரையில் நின்று கடலைப் பார்ப்பவருக்கு அது வலமிருந்து இடமாக ஓடும். புதியவர் வந்ததும் போர்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு ஓடாமல், பத்து நிமிடம் மணலில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். எங்கே அலை முதலில் உடைகிறது, எதுவரை ஓடுகிறது, எந்த இடத்தில் உடையாமலே போகிறது என்று அவரே விரலால் காட்டவேண்டும். அலைகள் தொடர்ந்து ஒரே மாதிரி வருவதில்லை. பெரிய அலைகள் சில சேர்ந்து ஒரு செட்டாக வரும், அப்புறம் கடல் கொஞ்சம் அடங்கும். உள்ளே போகவேண்டியது அந்த இடைவெளியில். குப்பத்தில் பிறந்த உங்களுக்கு இது பாடமே இல்லை. ஃபைபர் படகைத் தள்ளிவிட்டு இன்ஜினைப் போடும் முன் அப்பாவும் சித்தப்பாவும் நின்று கடலைப் பார்ப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள். சென்னையிலிருந்து காரில் வருபவருக்கு அந்தப் பார்வை கிடையாது. அதை அவருக்குக் கொடுக்கக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

அலை ஓடி முடியும் இடத்துக்கும் அப்பால், தள்ளிச் சுற்றிக்கொண்டு போவதுதான் சரியான வழி. கொஞ்சம் தூரம்தான், கை வலிக்கும்தான். நடுவே புகுந்து போகிறவர் அலை ஏறி வருபவரின் பாதையில் குறுக்கே நிற்கிறார், தானும் ஒவ்வொரு அலையிலும் அடிபட்டுக் களைத்துப்போகிறார். சுற்றிப் போகிறவர் பல நாளில் தலைகூட நனையாமல் போய்ச் சேர்ந்துவிடுவார்.

ஆனாலும் கடல் நம் திட்டப்படி நடக்காது. எவ்வளவு சுற்றிப் போனாலும் சில சமயம் செட் வந்து நடுவில் மாட்டிக்கொள்வோம். எதிரே ஒருவர் அலை ஏறி வந்துகொண்டிருப்பார். அந்த நொடியில் என்ன செய்வது? இந்த மடலில் ஒன்றே ஒன்று மனதில் நிற்கவேண்டும் என்றால் அது இதுதான்: அலை ஏறி வருபவருக்குப் பின்பக்கம் போகவேண்டும். அதாவது ஏற்கெனவே உடைந்து நுரையாகிவிட்ட பக்கம்.

இது மனித சுபாவத்துக்கு நேர்மாறானது. நுரையைப் பார்த்தால் பயம். உடையாத பச்சை அலையைப் பார்த்தால், உடைவதற்குள் தாண்டிவிடலாம் என்று கை தானாக அந்தப் பக்கம் துழாவும். ஆனால் அலை ஏறி வருபவருக்குப் போக்கிடம் அந்த உடையாத பக்கம் மட்டும்தான். கிளைச் சாலையிலிருந்து ஈசிஆரில் ஏறும் பைக்காரர் ஓடிவருகிற பேருந்துக்கு முன்னால் பாய்ந்துவிடப் பார்ப்பதும், பேருந்து போனபின் அதன் பின்னால் ஏறுவதும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு வித்தியாசம் இது. பின்பக்கம் போனால் நுரை நம்மை அடிக்கும், பத்துப் பதினைந்து மீட்டர் கரைப்பக்கம் தள்ளும். பரவாயில்லை. அந்த அடியை வாங்கிக்கொள்வது உள்ளே போகிறவரின் கடமை. அவ்வளவும் முடியாது, நேரம் இல்லை என்றால் பேடில் பண்ணுவதை நிறுத்திவிட்டு இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். நாம் அசையாமல் இருந்தால், அனுபவமுள்ளவர் நம்மைச் சுற்றிப் போய்விடுவார். இடமா வலமா என்று கடைசி நொடியில் தடுமாறுகிறவரைத்தான் அவரால் தவிர்க்க முடியாது.

இது வெறும் மரியாதை விஷயம் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், போட்டி விதியிலும் இது இருக்கிறது. பேடில் பண்ணிக்கொண்டிருக்கும்போது, அலையில் உரிமை உள்ளவரின் ஓட்டத்தைக் கெடுத்தால் அதுவும் குறுக்கீடுதான், மதிப்பெண் போய்விடும். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக அளவிலான தகுதிச்சுற்றுப் போட்டி நடந்தபோதும், 2025 ஆகஸ்டில் அதே கரையில் ஆசியப் போட்டி நடந்து இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றபோதும், நம் பிள்ளைகள் நீதிபதிகளுக்கு முன்னால் இந்த ஒழுங்கோடுதான் கடலில் இருந்தார்கள். போட்டி முடிந்து பந்தலைப் பிரித்தபின் அதே கடலில் அந்த ஒழுங்கு இல்லாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நுரையைத் தாண்டும் விதம் பற்றியும் சொல்லவேண்டும். சின்ன போர்டு வைத்திருப்பவர் அதை மூக்கோடு அமுக்கி அலைக்கு அடியில் புகுந்து போய்விடுவார். ஃபோம் போர்டில் அது நடக்காது, மிதவை அதிகம். அதற்கு டர்ட்டில் ரோல்தான். அலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் போர்டின் இரண்டு விளிம்பையும் இறுகப் பிடித்து, மூச்சை இழுத்துக்கொண்டு, போர்டோடு புரண்டு, தான் அடியிலும் போர்டு மேலேயுமாக ஆகிவிடவேண்டும். நுரை மேலே ஓடிப்போனதும் திரும்பப் புரண்டு ஏறிக்கொள்ளவேண்டும். முதல் முறை எல்லோருக்கும் மூக்கில் தண்ணீர் ஏறும், கை நழுவும். இடுப்பளவு தண்ணீரில் அரை மணி நேரம் பழகினால் வந்துவிடும். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குகிற பள்ளி எத்தனை? நேர்மையாக நினைத்துப் பாருங்கள்.

கைவிடுவதைத் தவிர வழியே இல்லை என்கிற பெரிய அலையும் வரலாம். அப்போதும் விடும் முன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்கவேண்டும். பின்னால் ஆள் இருந்தால் விடக்கூடாது, என்ன ஆனாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு உருளவேண்டும். பின்னால் வருகிறவருக்கும் கடமை உண்டு. இன்னொருவரின் போர்டுக்கு நேர் பின்னால் போகாதே, தள்ளிப் பக்கவாட்டில் போ.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த மடல் நியாயமாக இருக்காது. அலை ஏறி வருபவருக்குத்தான் வழி என்பதால் அவருக்கு எதுவும் செய்ய உரிமை வந்துவிடாது. புதியவர் ஒருவர் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கும்போது, பாடம் புகட்டுகிறேன் என்று அவர் தலைக்கு ஒரு முழம் பக்கத்தில் சீறிக்கொண்டு போகிற தம்பிகளையும் பார்க்கிறேன். போர்டுக்கு அடியில் இருக்கும் ஃபின் என்பது கத்திதான், யார் போர்டில் இருந்தாலும். அலையை விட்டு இறங்கிவிடு தம்பி. இன்னொரு அலை வரும். திட்டவேண்டும் என்றால் கரையில் கூட்டிவைத்துச் சொல். தண்ணீரில் கத்தினால் அவர் இன்னும் பதறுவாரே தவிர எதுவும் கற்றுக்கொள்ள மாட்டார். குறிப்பாகப் பெண்கள், முதல்முறை தைரியமாக உள்ளே வந்து ஒரு கத்தலில் திரும்பிப்போய் அப்புறம் வராமலே போனவர்களை எனக்குத் தெரியும். குறுக்கே வந்துவிட்டவர் கையைத் தூக்கி 'சாரி' சொன்னால் அத்தோடு விஷயம் முடிந்தது. அந்தக் கை தூக்கலையும் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள்.

அடுத்து படகுகள். இது எனக்கு மிகவும் முக்கியம். கோவளம் முதலில் மீனவர் ஊர், அப்புறம்தான் அலைச்சறுக்கு ஊர். மூர்த்தி மேகவன் போல் கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவர்கள் போர்டில் ஏறி நின்றதால்தான் இங்கே பள்ளி என்ற ஒன்றே வந்தது. ஆகவே நம் கடலில் முதல் உரிமை அலை முதலில் உடைகிற பீக்குக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் இல்லை, அலை ஏறி வருபவருக்கும் இல்லை, பிழைப்புக்குப் போய்வரும் படகுக்குத்தான். வெளிநாட்டு விதிப் பட்டியல் எதிலும் இதை எழுதியிருக்க மாட்டார்கள். நாம்தான் எழுதிக்கொள்ளவேண்டும்.

கரைக்கு வரும் ஃபைபர் படகு, அலை உடைகிற இடத்தில் நிற்க முடியாது. நின்றால் பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். சமயம் பார்த்து ஒரு அலையின் முதுகில் ஏறி, இன்ஜினை முடுக்கி ஒரே மூச்சில் மணலுக்கு வந்தாகவேண்டும். பின்னால் புரொப்பல்லர் சுழன்றுகொண்டிருக்கும். முன்பக்கம் தூக்கி நிற்பதால், தண்ணீர் மட்டத்தில் படுத்திருக்கும் ஒருவரின் தலை படகோட்டிக்குத் தெரியவே தெரியாது. படகு ஏறி இறங்கும் வழி எது என்று புதியவருக்குக் கரையிலேயே காட்டுங்கள். இன்ஜின் சத்தம் கேட்டால் அலையை மறந்துவிட்டு அந்த வழியிலிருந்து விலகவேண்டும். கரைவலை போட்டிருந்தால் கயிறு எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும். லீஷ் வலைக்கயிற்றில் சிக்கினால், தண்ணீருக்கு அடியில் அதைக் கழற்றுவது லேசான காரியம் இல்லை. நமக்கு ஆபத்து ஒருபுறம், அவர்களுக்கு அன்றைய பாடு போய்விடும்.

நீரோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். அலை கரைக்குத் தள்ளிய தண்ணீர் திரும்பிப் போயாகவேண்டும். அது மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக, அல்லது பாறையை ஒட்டி, கடலை நோக்கி ஓடுகிறது. அந்த இடத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும். உங்களுக்கு அது கையை நோகடிக்காமல் உள்ளே கொண்டுபோய்விடும் வழி. வார இறுதியில் குடும்பத்தோடு வந்து, நுரை இல்லாத இடமாகப் பார்த்துக் குழந்தையை இறக்கும் அப்பாவுக்கு அது எமன். வேகமான நாளில் அந்த ஓட்டம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல்காரரும் எதிர்த்து நீந்திக் கரை சேர முடியாது. போர்டோடு இருப்பவர் அதில் மாட்டினால் செய்யவேண்டியது எளிது. போர்டை விடாதே, அதுதான் மிதவை. எதிர்த்துத் துழாவாதே. கரைக்கு இணையாக, அலை உடைகிற பக்கம் நகர்ந்து, நுரையில் படுத்தபடியே கரைக்கு வா. குப்பத்துப் பெரியவர்கள் வன்னி, தெண்டி என்று பெயர் சொல்லி ஓட்டத்தைப் பிரித்துச் சொல்கிறார்கள். காலையில் அவர்களில் ஒருவரிடம் 'இன்னைக்கு ஓட்டம் எப்படி' என்று கேட்டு, பள்ளி வாசலில் சாக்பீஸால் எழுதிவைத்தாலே பெரிய விஷயம்.

காற்று இல்லாத நாளில் கடல் பத்திரம் என்ற நம்பிக்கையும் போகவேண்டும். நமக்கு வரும் நல்ல அலையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, தென்பெருங்கடல் புயல்களில் பிறந்து வருவது. இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும், இலை அசையாது, கடல் மட்டும் திடீரென்று எழும். கேரளத்தில் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது அப்படிப்பட்ட நாட்களில்தான். ஹைதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் என்கிற தேசியக் கடல் தகவல் மையம் இந்த அலை எழுச்சிக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. எச்சரிக்கை வந்த நாளில் புதியவருக்குப் போர்டு தரமாட்டோம் என்று எல்லாப் பள்ளியும் சொல்லிவிடவேண்டும். அன்று உங்களுக்கு நல்ல அலை, நீங்கள் போங்கள். வாடகைக் கல்லாப் பெட்டியை மட்டும் மூடிவிடுங்கள்.

வருமானம் போகுமே என்பீர்கள். உங்கள் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் வாரக்கணக்கில் வகுப்பு இல்லை, புயல் சின்னம் வந்தால் கடலில் இறங்கவே முடியாது. வருஷத்தில் கிடைக்கிற நல்ல மாதங்களில்தான் வீட்டுச் செலவையும் போர்டு ரிப்பேரையும் பார்க்கவேண்டும். அதனால்தான் இலவசமாக எதையும் செய்யச் சொல்லவில்லை. உள்ளே போகும் பாடத்தைத் தனி வகுப்பாக வையுங்கள், அதற்குக் கட்டணம் வாங்குங்கள். நிற்கக் கற்றுக்கொண்டவருக்கு இரண்டாவது வகுப்பு என்று ஒன்று இருப்பதே இன்று தெரியாது. முதல் நாளே, 'இன்னைக்கு நின்னுட்டீங்க, அடுத்த தடவை தனியா உள்ளே போகச் சொல்லித் தரேன், அது முடிச்சாத்தான் வாடகைக்குப் போர்டு' என்று சொல்லிவிட்டால், திரும்பி வருகிறவர்கள் கூடுவார்களே தவிரக் குறைய மாட்டார்கள்.

வாடகைக்கு முன் ஒரு சின்னச் சோதனை போதும். போர்டு இல்லாமல் நூறு மீட்டர் நீந்திக் காட்டட்டும். நீந்தத் தெரியாதவருக்கு லீஷ்தான் ஒரே உயிர்க்கயிறு, அது அறுந்தால் அவ்வளவுதான். மூன்று டர்ட்டில் ரோல் கைவிடாமல் செய்யட்டும். கரையில் நின்று உள்ளே போகும் வழியையும் படகு வழியையும் விரலால் காட்டட்டும். எதிரே ஆள் வந்தால் எந்தப் பக்கம் என்று கேட்டால், யோசிக்காமல் நுரைப்பக்கம் என்று சொல்லட்டும். பத்து நிமிட வேலை. தேறியவர் பெயரை எல்லாப் பள்ளிக்கும் பொதுவான ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஒரு பள்ளியில் தேறாதவருக்கு மற்ற பள்ளியும் போர்டு தராது என்று கை அடித்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பள்ளி விலகி நின்றாலும் மற்றவர்கள் செய்வதெல்லாம் வீண். போர்டு தரும் முன் லீஷையும் ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள். வெல்க்ரோ தேய்ந்த லீஷ், முடிச்சு நைந்த கயிறு எல்லாம் வாடகைப் போர்டில்தான் வந்து சேர்கின்றன.

கரையில் ஒரு பலகையும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் பல கடற்கரைகளில் அலைச்சறுக்கு விதிகளைப் படத்தோடு எழுதி நட்டுவைத்திருக்கிறார்கள். கோவளத்துக்கு 2021-இல், தூய்மையான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. குளிப்பவர்களுக்கு என்று அறிவிப்புகள் வந்தன. அலை ஏறுபவர்களுக்கும் ஒன்று வரட்டும். முதலில் தமிழில், அப்புறம் ஆங்கிலத்திலும் இந்தியிலும். அதிகம் எழுதவேண்டாம். கரையின் படம், பாறை, அலை ஓடும் திசை, உள்ளே போகும் வழி பச்சையில், படகு வழி சிவப்பில், போர்டைக் கைவிடாதே என்று ஒரு வரி. மணல்திட்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் என்பதால் வழியை அழித்து வரைகிற மாதிரி வையுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் மீனவர் சங்கத்தாரிடமும் கேட்டுக்கொண்டு, படகு வழியை அவர்கள் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள். அரசுப் பலகை வரும் என்று காத்திருக்கவேண்டாம். அது வரும்போது வரட்டும்.

பலகைக்கான செலவையும் வரைகிற வேலையையும், உங்கள் கடலில் அலை ஏறுகிற நாங்கள் சிலர் பகிர்ந்துகொள்கிறோம். சோதனை வைக்கும் காலைகளில் தண்ணீரில் கூட நிற்க ஆள் வேண்டும் என்றாலும் வருகிறோம். ஏப்ரலில் பள்ளி விடுமுறை விட்டதும் கூட்டம் ஏறிவிடும், மே மாதம் தெற்கு அலை தொடங்கிவிடும். அதற்குள் எல்லாப் பள்ளிக்காரர்களும் ஒருநாள் கூடிப் பேசவேண்டும். மார்ச் மாதத்தில், படகுகள் கரைக்கு வந்து மீன் ஏலம் முடிந்தபின் ஒரு காலை நேரமாக இருந்தால் மீனவர் சங்கத்தாரும் வருவார்கள். தேதியை நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடலில் அலை ஏறும் ஒருவன்